வெள்ளிக்கிழமை வெட்டிய வயர்

போன வாரம் என் பழைய காரின் ஸ்பீக்கர் கரகரவென்று இரும ஆரம்பித்ததால், பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, புது ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு, வயர் வெட்டுகிற குறடை எடுத்தார். "வெட்டாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார். "வயரைத்தான சார் வெட்டப்போறேன், உங்க கையவா?" என்றார் கடைக்காரர். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதென்றால் சிக்கந்தரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அவருக்கு ஏது நேரம்? உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

சிக்கந்தர் என் கூட்டாளி. சிம்மக்கல்லில் நாங்கள் இருவரும் சேர்ந்து கார் ஆடியோ கடை வைத்திருந்தோம். கடை என்று மரியாதைக்குச் சொல்வதுதான். உள்ளே இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் ரோட்டில் இறங்க வேண்டும். நான் கோச்சடை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மண்வெட்டிக்குப் பயந்து டவுனுக்கு ஓடிவந்தவன். அவன் அத்தா என்று கூப்பிடுகிற அப்பா கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர். அதனால் பேசுவது என் வேலை, கைவேலை அவனுடையது என்று தானாகவே பிரிந்துவிட்டது.

காருக்குள் கம்பெனியே போட்டு அனுப்பிய ஸ்பீக்கர் வயரை அவன் வெட்டவே மாட்டான். அதன் முனையில் இருக்கிற பிளக்குக்குச் சரியாகப் பொருந்துகிற ஜோடியைத் தேடிப் பிடித்து, புது ஸ்பீக்கரில் பற்றவைத்துச் சொருகிவிடுவான். ஈயம் உருகும்போது வரும் அந்தக் குங்கிலியப் புகை இன்றும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். அப்புறம் ஒரு டார்ச் செல்லை வயரில் லேசாகத் தொட்டுப் பார்ப்பான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் வந்தால் சரி, பின்னால் போனால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் இந்தச் சடங்கு உண்டு.

எனக்கோ அந்த வயரைப் பார்த்தாலே இளக்காரம். "தலைமுடி கணக்கா இருக்கு, இதுலயா சவுண்டு வரும்?" என்பேன்.

"கதவைத் திறந்து மூடுனாலும் நசுங்காம, ரப்பர் குழாய்க்குள்ள விட்டு அம்புட்டு பாந்தமாக் கொண்டுபோயிருக்கான். இந்த ஸ்பீக்கருக்கு இது தாங்கும். அதை எதுக்கு மாப்ள கலைக்கணும்?" என்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அவன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். சோழவந்தான் டிரைவர் ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சாயங்காலம் கல்யாண சவாரி, உடனே ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் போட வேண்டும் என்று சொல்லி, வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். "நான் வாரவரைக்கும் வயர்ல கைய வைக்காத" என்பது சிக்கந்தர் எப்போதும் சொல்லிவிட்டுப் போவது. எனக்கு அன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது, நமக்கும் கை இருக்கிறதே என்று. கம்பெனி பிளக்கை வெட்டி எறிந்தேன். தடித்த வயர் ஒன்றை ரப்பர் குழாய்க்கு வெளியே, கதவு இடுக்கு வழியாக இழுத்தேன். ஃபியூஸ் கைக்கு அகப்படவில்லை. அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தேன். பாட்டு என்னவோ பிரமாதமாகத்தான் கேட்டது. அவன் திரும்பி வருவதற்குள் கார் போய்விட்டது. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அந்த டிரைவர் உள்ளங்கையில் கட்டோடு அதே காரில் வந்து இறங்கினார். மேலக்கால் ரோட்டில் போகும்போது சீட்டுக்கு அடியிலிருந்து புகை. மாப்பிள்ளை வீட்டார் அலறியடித்து இறங்கியிருக்கிறார்கள். எரிகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியை அவர் வெறுங்கையால் பிடுங்கி எறிந்திருக்கிறார். "வயர் வேலை பாக்குற பாய் யாருய்யா?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

சிக்கந்தர் காரின் கதவைத் திறந்து பார்த்தான். கதவு இடுக்கில் தோல் உரிந்து கிடந்த வயரைப் பார்த்தான். வெட்டுப்பட்ட பிளக்கைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "என் தப்புதாண்ணே. மன்னிச்சுக்கங்க" என்றான்.

வாயை வைத்துப் பிழைத்தவன் நான். அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை. டிரைவர்கள் மத்தியில் பேச்சு பரவியது: சிம்மக்கல் பாய் கைவைத்த வண்டி எரிந்துவிட்டதாம். தெரிந்த ஆட்கள்கூட அவனிடம் வண்டியை விடத் தயங்கினார்கள். ஏழெட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அப்புறம் ஷார்ஜாவில் ஒரு கார் பட்டறையில் வேலை கிடைத்தது என்று போய்விட்டான். நான் பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ் கிளம்பிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். வந்த மறுநாளே கோச்சடை வீட்டுக்கு என்னைத் தேடி வந்துவிடுவான். பேரீச்சம்பழம், என் மகளுக்குப் பேனா. சாப்பிட்டு முடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்ந்த பிறகும் எழுந்திருக்க மாட்டான். "வேற என்ன மாப்ள?" என்பான். நான் வெயிலைப் பற்றி ஏதாவது சொல்வேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "அப்ப நான் வாரேன்" என்று கிளம்புவான்.

அங்கேயே ஒருநாள் நெஞ்சுவலியில் போய்விட்டான். அடக்கமும் அந்த ஊரிலேயே ஆகிவிட்டது. இங்கே முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. துக்கம் கேட்கப் போனபோது, அவன் மனைவி ஜரீனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, வயர், செம்புக் கம்பி, ஒன்று விடாமல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தம்மா அழவில்லை.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்ணே. வெட்டுன பிளக்கைப் பாத்தாத் தெரியாதா? நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு இருந்தாரு. லீவுல வந்தா மொத வேலையா உங்க வீட்டுக்கு ஓடி வாரதே அதுக்குத்தான். திரும்பி வந்து, 'இன்னிக்கும் சொல்லல ஜரீனா'ம்பாரு."

எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அந்த மாதிரி கார்களே ரோட்டில் குறைந்துவிட்டன. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. இப்போது யார் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். உங்களிடமும் சொல்லிவிட்டேன். கேட்பதற்காகக் கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருந்தவனிடம் மட்டும் சொல்லவில்லை.