ஆள் இருக்கும் பெயர்

மெக்காய் பக்கம் குடியேறிய தீவுக்காரர்கள் செத்தவர்களை எரிப்பதில்லை. கரும்பு வெட்ட வந்த காலத்திலிருந்தே அவர்களுக்கு மண்தான். அதனால் நோரீன் தன் அண்ணன் கிளைவை எரிக்கக் கொடுத்தபோது சபையில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் பேசினார்கள். அதற்கு முதல் பாதியே தேவலை.

“உசிரோட இருந்தப்ப அவனுக்கு வெயில்னாலே ஆகாது. அவனைப் போய் அடுப்புல வெச்சுட்டியே,” என்றாள் பெரியப்பா மகள் லோர்னா.

“அவன்தான்க்கா கேட்டான்.”

“அவன் ஆயிரம் கேப்பான். சிறுநீரகம் போனவன் தினம் ரெண்டு பீர் கேட்டான், குடுத்தியா?”

கொடுக்கவில்லை. ஆனால் இது வேறு. முழு உடம்பைப் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டி அனுப்ப அவளிடம் வசதி கிடையாது. சாம்பலாகிவிட்டால் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். கிளைவே யோசித்துச் சொன்ன வழி அது. தன்னை டானா தீவில், பூட்டனின் மண்ணில் வைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவன் கேட்டது.

பூட்டன் சிறு பையனாக இருந்தபோது, கரையில் நின்ற கப்பலை வேடிக்கை பார்க்கப் போனவர். கப்பல் நகர்ந்துவிட்டது. மெக்காயில் இறக்கிக் கையில் கரும்பு வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து, தீவுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் போங்கள் என்று அரசாங்கம் பிடித்து ஏற்றியபோது, பெண்டாட்டி பிள்ளைகளோடு கரும்புக்குள் ஒளிந்துகொண்டார். அப்புறம் கடைசிவரை போகவேயில்லை. அவரைப் புதைத்த இடத்தின் மேல் இப்போது கரும்பு நிற்கிறது. எந்த வயல், எந்த வரப்பு என்று காட்ட ஆளில்லை.

அவர் விட்டுப்போனவை மூன்று: பெயர் கோகரே, ஊர் இயாரும், வாசலில் நின்றால் நெருப்பு மலை இடது கைப்பக்கம். இந்த மூன்றையும் அந்தக் குடும்பம் எங்கும் சிந்தாமல் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பையனுக்கு இரண்டாவது பெயர் கோகரே. கிளைவ் கோகரே. அவன் மகன் டைரன் கோகரே. அந்தப் பெயரை விடாமல் பிடித்திருக்கும்வரை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் தங்களுக்காகக் காலியாகக் காத்திருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். கிளைவ் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராகக் கிழவர்களைத் தேடிப் போய் விசாரித்தான். எச்சிலைக் குப்பியில் துப்பி, பூர்வீகம் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினான். அவர்கள் வரைபடத்தில் பாதிப் பசிபிக்கைப் பச்சையடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

“இதுக்கு எதுக்குடா எச்சில்? உன் மூஞ்சியைப் பாத்தாலே சொல்லியிருப்பாங்களே,” என்று நோரீன் சிரித்தாள்.

கடைசியில் வழி எல்லாம் தெரிந்தபோது, ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு நகர முடியாது. அப்படியே போய்விட்டான்.

ஆகவே, ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து ஓய்வுபெற்ற நோரீன், முட்டிவலியோடு, கைப்பையில் அண்ணனோடு, டானாவில், இயாரும் ஊர் வாசலில் ஒரு டிரக்கிலிருந்து இறங்கினாள். இடது கைப்பக்கம் மலை புகைந்துகொண்டிருந்தது. அவள் தன் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மூன்றாவது விஷயம் சரியாக இருந்தது.

முற்றத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கொண்டுபோன அரிசி மூட்டையையும் துணிகளையும் கீழே வைத்தாள். அப்பா வீட்டில் பேசிய உடைந்த கரும்புக்காட்டு இங்கிலீஷும் இவர்கள் கடைத்தெருப் பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

“எங்க பூட்டன் கோகரே இந்த ஊருக்காரர். கப்பல்ல போனவர். எங்க அண்ணன் பேரும் கோகரேதான். கிளைவ் கோகரே. அவனை இங்க கொண்டாந்திருக்கேன்.”

ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். அவள் வயதே இருக்கும் ஒருத்தி, டோர்காஸ் என்று பெயர், திரும்பி அந்தப் பக்கம் நின்ற பழைய டிரக்கைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“கோகரே, வெளிய வா. உன்னைத் தேடி வந்திருக்காங்க.”

டிரக்குக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வந்தன. பிறகு இடுப்பு. பிறகு கிரீஸ் அப்பிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முப்பது வயதுக்காரன் ஒருவன் எழுந்து நின்றான்.

நோரீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “உனக்கு அவர் பேரை வெச்சிருக்காங்களா தம்பி? அப்ப மறக்கலையா நீங்க?”

“வெக்கல,” என்றான் அவன். “நான்தான் அவன்.”

“யாரு?”

“கப்பல் பாக்கப் போனவன். நான்தான் போனேன். உன் அப்பாவோட தாத்தா நான். நீ என் பேத்தி.” சொல்லிவிட்டு வெட்கமாகச் சிரித்தான். “ரெண்டு வயசுல திரும்பி வந்துட்டேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை, சந்தோஷச் சிரிப்பு. ஒரு கிழவி நோரீனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நோரீனும் சிரித்துவைத்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

டோர்காஸின் அடுக்களையில்தான் புரிந்தது. டோர்காஸ், கிழங்குத் துருவலை இலையில் மடித்துச் சுடுகிற லாப்லாப்புக்காக வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தாள். மலைச் சாம்பல் ராத்திரியெல்லாம் விழுந்து இலை கறுத்திருந்தது. நோரீன் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு துருவினாள். கைக்கு வேலை இருந்தால் அவளால் எதையும் கேட்டுவிட முடியும்.

“இங்க பேர்ங்கிறது ஆளோடது இல்ல,” என்றாள் டோர்காஸ். “மண்ணோடது. இந்தத் தோட்டத்துக்கு, அந்த ஆலமரத்தடிக்கு, அங்க உக்கார்ற இடத்துக்கு. அந்தப் பேருள்ளவன் செத்தா, காணாமப் போனா, அடுத்த பிள்ளைக்குக் குடுத்துடுவோம். காலியா விட முடியுமா? உன் பூட்டன் போன கொஞ்ச நாள்ல அவர் சித்தப்பாவுக்கு ஒரு பையன் பிறந்தான். குடுத்தாங்க. அவர் செத்ததும் இன்னொருத்தர். அவர் செத்ததும் என் பையன், அப்ப அவனுக்கு ரெண்டு வயசு.”

“அப்ப என் பூட்டன்?”

“அதான் வெளிய டிரக்கை ரிப்பேர் பண்றாரே.”

நோரீன் துருவலை நிறுத்தினாள். “அவரைத் தேடலையா யாரும்? அவங்கம்மா?”

“அழுதிருப்பா. பேர் குடுத்த அன்னிக்கு நின்னிருக்கும்.” டோர்காஸ் இலையைத் திருப்பிப் போட்டாள். “எதுக்குத் தேடணும்? ஆள் இங்கதான இருந்தார்.”

மெக்காயில் அவள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், சாப்பாட்டுக்கு முன், அப்பா ஒரு நிமிஷம் தலைகுனிந்து நிற்பார். அந்தப் பக்கத்தில் நமக்காக அழுகிறவர்களுக்காக என்று சொல்லுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் நின்றாராம். கோழி ஆறிப்போகும். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கொள்ளும்.

“அது சரி,” என்றாள் டோர்காஸ், பையைக் காட்டி. “அண்ணனைக் கொண்டாந்தேன்னு சொன்னே. போட்டோவா?”

நோரீன் சாம்பல் பெட்டியை எடுத்து வைத்தாள். விளக்கினாள். டோர்காஸ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“வீடு பத்திக்கிச்சா?”

“இல்ல. நாங்கதான் எரிச்சோம்.”

“எதுக்கு? என்ன தப்பு பண்ணினான்?”

நோரீனுக்கு லோர்னா ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது. “ஒரு தப்பும் பண்ணல. தூக்கிட்டு வர லேசா இருக்கும்னு.”

டோர்காஸ் பெட்டியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு துடைத்த இலை ஒன்றை எடுத்து அதன் மேல் மூடிவைத்தாள். “நான் ஒண்ணும் சொல்ல முடியாது. சாயங்காலம் ஆம்பளைங்க பேசுவாங்க.”

பொழுது சாயும்போது ஆண்கள் ஆலமரத்தடிக்குக் காவா என்னும் மயக்க வேர்ச்சாறு குடிக்கப் போனார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்தப் பாதையில் கண்ணை வைக்கவும் கூடாது. அவர்கள் காறித் துப்பும் சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகு அவர்கள் பேசியது எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. நோரீன் லாப்லாப்பைச் சாப்பிட்டாள். உப்புச் சரியாக இருந்தது.

காலையில் கோகரே வந்து அவள் எதிரே குந்தினான். கண் சிவந்திருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தரையில் குச்சியால் கோடு கிழித்தான்.

“பேத்தி, கோவிச்சுக்காதே.”

“சொல்லு தம்பி.”

“இங்க மண்ணு யாருதுன்னு சண்டை வந்தா, கல்லறையத்தான் காட்டுவோம். என் ஆள் இங்க படுத்திருக்கான், அதனால இது என்னுதுன்னு. கோகரே மண்ணுல ரெண்டு கோகரே படுத்திருக்காங்க. மூணாவது இடம் எனக்கு. உன் அண்ணனை வெச்சா, அவனும் கோகரேன்னு ஆயிடும். நாளைக்கு அவன் பிள்ளைங்க வந்து கேப்பாங்க.”

“யாரு, டைரனா?” நோரீனுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. “அவன் ஏர்போர்ட் வரைக்கும் கூட வரல. அவனுக்கு இந்த ஊர் பேர்கூடச் சொல்ல வராது. நாங்க ஒரு பிடி மண்ணு கேக்கமாட்டோம். எழுதித் தர்றேன்.”

“நீ கேக்கமாட்டே. அவனும் கேக்கமாட்டான். பெரியவங்களும் அதையேதான் சொன்னாங்க.” கோகரே தலையைத் தூக்கவில்லை. “ஆனா நாலு தலைமுறை கழிச்சு நீ வந்துட்டியே. ஒரு பேரையும் ஊரையும் மட்டும் வெச்சுக்கிட்டு, மலை எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு வந்துட்டே. உன் ஜனங்க மறக்கிற ஜனம் இல்ல. அதான் பயப்படுறாங்க.”

நோரீன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வேற பேர் குடுத்து, வேற இடத்துல வெக்கலாமா?”

“காலிப் பேர் இருந்தா குடுத்திருப்போம். எல்லாத்துலயும் ஆள் இருக்கு.” பிறகு மெதுவாகச் சேர்த்தான். “கோயில் பக்கத்துல வெளியூர்க்காரங்களுக்கு ஒரு மூலை இருக்கு. அங்கன்னா சரின்னாங்க.”

நோரீன் போய்ப் பார்த்தாள். புயலில் ஒதுங்கிய மீன்பிடிக் கப்பல்காரர்கள் இரண்டு பேர், பெயரில்லாமல். வேலியோரம் ஆடு கட்டியிருந்தது. வெளியூர்க்காரனாகப் படுப்பதற்கு மெக்காய் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கோகரேதான் டிரக்கில் விமானத்திடலுக்குக் கொண்டுபோனான். நெருப்பு மலையின் அடியில் சாலை என்று ஒன்றும் இல்லை, சாம்பல்வெளி. கறுப்பாக, ஒரு புல் இல்லாமல், கண்ணுக்கெட்டியவரை சாம்பல். நோரீன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இதில் ஒரு பிடி சேர்ந்தால் யாருக்குத் தெரியும்?

“இங்க கொஞ்சம் நிறுத்து,” என்றாள்.

அவன் நிறுத்தினான். அவள் கை பைக்குள் போனதைப் பார்த்தான். இன்ஜினை அணைக்கவில்லை.

“இந்த வெளிக்கும் ஆள் இருக்காங்க பேத்தி. மலைக்கும் இருக்காங்க. நெருப்புக்கே சொந்தக்காரங்க இருக்காங்க. தெரிஞ்சா எங்க ஊருக்குத்தான் பஞ்சாயத்து.”

“சும்மா பாக்கத்தான் நிறுத்தச் சொன்னேன்.”

“பாரு,” என்றான். அவனும் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து வண்டியை எடுத்தான்.

இறங்கும்போது டோர்காஸ் கொடுத்தனுப்பிய பெரிய கிழங்கையும் தாழம்பாயையும் கையில் கொடுத்தான். “மறுபடி வா,” என்றான். கையில் எதுவும் கொண்டுவராமல் வா என்று சொல்ல நினைத்ததை அவன் சொல்லவில்லை. அவளுக்கு அது கேட்டது.

“வர்றேன் தம்பி.”

“தம்பியா?” என்று சிரித்தான்.

வேறு எப்படிக் கூப்பிடுவதென்று அவளுக்கு வாயில் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

பிரிஸ்பேன் விமான நிலையச் சோதனையில் கிழங்கைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். பாயைப் பிரித்து உதறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். பெட்டியில் என்ன என்று கேட்டார்கள், அண்ணன் என்றாள். அதற்கு மட்டும் அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள்.

லோர்னா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சண்டை போடவில்லை. அதுதான் நோரீனுக்குக் கஷ்டமாக இருந்தது. “சரி, நம்ம கல்லறைத் தோட்டத்துல ஒரு குழி பாப்போம்,” என்றாள் லோர்னா. பார்க்கலாம் என்றாள் நோரீன். மாசங்கள் போயின. பெட்டி படுக்கைவிரிப்பு அலமாரியில், மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் இருந்தது. போர்வை எடுக்கும்போதெல்லாம் அவனைக் கொஞ்சம் நகர்த்தவேண்டியிருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டைரன் பெண்டாட்டியோடு வந்தான். கெல்லிக்கு நிறைமாசம். பையன் என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். கோழி மேசைக்கு வந்தது. நோரீன் தலைகுனியவில்லை. முதல் துண்டை வெட்டி கெல்லியின் தட்டில் வைத்தாள்.

“அத்தை, ஜெபம்?” என்றான் டைரன்.

“ஆறிடும், சாப்பிடு.”

அவன் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். அப்புறம், பெரியவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று தோன்றியோ என்னவோ, “பையனுக்கு ரெண்டாவது பேர் கோகரேதானே அத்தை?” என்று கேட்டான்.

“வேண்டாம்ப்பா. அந்தப் பேருக்கு ஆள் இருக்கு.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஏன், யார், என்ன என்று ஏதாவது கேட்பான் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள்.

“அதுவும் சரிதான்,” என்றான் டைரன். கெல்லியைப் பார்த்தான். “நாங்களும் வேற பேர்தான் பாத்து வெச்சிருக்கோம். நீங்க வருத்தப்படுவீங்களோன்னுதான் கேட்டேன்.”

“எனக்கென்ன வருத்தம்,” என்றாள் நோரீன். உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.