சீமை எலிக்கு நெல்லிக்காய்ச் சாறு

கீரைக்கட்டின் வாழைநாரை அம்மா அறுக்கும் சத்தம் கேட்டால் போதும், அடுப்படி மூலையில் இருந்த கள்ளிப்பெட்டிக்குள் இரண்டும் 'வீக், வீக்' என்று விசிலடிக்கத் தொடங்கிவிடும். வாலில்லாமல் குட்டி முயல்போல் உருண்டையாக இருக்கும். ஒன்று வெள்ளை, மற்றது செம்பட்டை. ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த என் பள்ளித்தோழி, ஆங்கிலோ-இந்தியப் பெண் டெய்சி, தன் வீட்டுக் கூண்டிலிருந்து கொடுத்த ஜோடி அது. அவர்கள் 'கினிப்பிக்' என்பார்கள். எங்கள் தெருவுக்கு அவை 'சீமை எலி'. எனக்கு அப்போது பத்து வயது. கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலையிலிருந்த நைனா கடல்மேல் இருந்தார். அம்மா துறைமுகத்தருகே ஒரு கிடங்குக்கு வேர்க்கடலை உடைக்கப் போவாள்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஈரப் புல் தின்றால் வயிறு ஊதிச் செத்துவிடும் என்று பால்காரர் மாட்டைப் பற்றி யாரிடமோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, புல், கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மூன்று வாரம் தவிடும் சோறும் மட்டுமே வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஒரு காலையில் வெள்ளையைத் தூக்கியதும் அது அலறியது. பின்னங்கால்கள் விறைத்து, மூட்டு வீங்கியிருந்தது. செம்பட்டையும் தவிட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது. அலறல் கேட்டு எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எலி சாகிறது என்றாலே பிளேக் என்று ஊர் நடுங்கிய காலம் அது.

"இன்னிக்கே கடல்ல கடாசு. இல்லாங்காட்டி வூட்டக் காலி பண்ணு."

அம்மா கோணிப்பையை எடுத்தாள். நான் பெட்டிமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். என்னை விலக்கிவிட்டு வெள்ளையைத் தூக்கியவள், அதன் வாயோரத்தில் ரத்தத்தைக் கண்டு, உதட்டை விரலால் பிரித்துப் பார்த்தாள். ஈறு வீங்கிக் கறுத்திருந்தது.

"உங்க நைனா போன தபா கப்பல்லேர்ந்து இப்டித்தான் வந்துச்சு. மாசக்கணக்கா பச்சக் காய்கறி துன்னாததாலன்னு டாக்டரு சொன்னாரு. இதுங்களுக்கு இன்னா போட்டுகினு இருந்த?"

"தவுடு."

அவள் என்னை அடிக்கவில்லை. வீட்டுக்கார அம்மாளிடம் திரும்பி, "மூணு நாள் குடுங்க, அக்கா. தேறலன்னா நாங்களே காலி பண்ணிடறோம்" என்றாள். அந்த மழையில், நைனா இல்லாமல், எங்கே போவோம்?

நைனாவுக்குக் கொடுத்ததுபோலவே நெல்லிக்காயை நசுக்கித் துணியில் பிழிந்து, சொட்டுச் சொட்டாக வாயில் விட்டோம். கொத்தமல்லித் தழையை ஈரம் போகத் துடைத்து முன்னால் வைத்தோம். இரண்டாம் நாள் வெள்ளை என் மடியிலேயே இறந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாளின் காலடி எங்கே கேட்குமோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் வந்தபோது, செம்பட்டை அம்மாவின் கையிலிருந்து தழையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்; அதன்பின் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

ஆனால் உடம்பு தேறியும் அது சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. "ஜோடி இல்லாம ஏங்குது. குடுத்த எடத்துலயே வுட்டுடலாம்" என்றாள் அம்மா. டெய்சி வீட்டுக் கூண்டில் விட்டதும் மற்றவை சூழ்ந்து முகர்ந்தன. அதுவும் அவற்றோடு முட்டிமோதித் தின்னப் போய்விட்டது.

"இன்னொண்ணு எங்கே?" என்றாள் டெய்சி. நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நாங்க சரியா பாத்துக்கல, பாப்பா" என்றாள் அம்மா.

குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று லாரிகள் வரிசையாக நிற்கின்றன. டெய்சி வீட்டார் கப்பலேறிப் போய்விட்டார்கள், அம்மாவும் இல்லை. தவறு என்னுடையது. அதில் தன்னையும் சேர்த்து 'நாங்க' என்று அவள் ஏன் சொன்னாள் என்று, அவள் இருந்த காலத்தில் நான் கேட்கவே இல்லை.