சாமைத் தூசியும் சாட்டிலைட்டும்

காற்றில் தூசி, புகை எவ்வளவு என்று மேலேயிருந்து சாட்டிலைட் சொல்லும். கருவியைச் சூரியனுக்கு நேரே பிடித்து, அது நிஜமா என்று பார்ப்பது என் பிழைப்பு. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆடிட்டர்களே, டிக்கெட் பரிசோதகர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

இன்னா அளக்குறீங்க?

நெல்லிவாசல்நாடு என்ற மலையூரில் ஒரு பாறைதான் என் ஆபீஸ். அதே பாறையில்தான் அவ்வூர்க் குள்ளம்மா சாமை புடைக்கும் களம். சாட்டிலைட் கடக்கும் உச்சிவேளையில் நான் கருவியைத் தூக்கினால், அவர் புடைப்பதை நிறுத்திவிட்டு முறைப்பார். "காற்றை அளக்கிறேம்மா" என்றேன். நம்பினால்தானே!

"எடத்த புடுங்க வர்றவங்க எல்லாம் இப்படித்தான் இன்னாத்தையோ சொல்வாங்க. நெஜத்த சொல்லுங்க சார், எங்க நெலத்த யாருக்கு அளக்குறீங்க?"

புகை தேடிய படலம்

என் கருவியோ சாட்டிலைட் சொன்னதைப்போல இரண்டு மடங்கு தூசி காட்டியது. 'இந்த மாதமும் ஒத்துவராவிட்டால் அங்கே அளப்பதையே நிறுத்திவிடுவோம், உங்கள் ஒப்பந்தமும் அத்தோடு சரி' என்று மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். யாரோ காட்டுக்குத் தீ வைக்கிறார்கள் என்று அறிக்கையில் எழுதியே விட்டேன். குள்ளம்மாவிடமும் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீப் பிடித்து மலையெல்லாம் மோப்பம் பிடித்தேன். ஒரு பீடிப் புகைகூட இல்லை.

டிரைவர் முருகன் வண்டியை நிறுத்தினார். "சார், மொத்த மலைக்கும் இன்னிக்கு பொக வுட்டது நம்ம ஜீப்பு ஒண்ணுதான்."

துண்டு

மறுநாள் வழக்கம்போலக் கழுத்துத் துண்டால் கருவியின் முகப்புக் கண்ணாடியைத் துடைத்தேன். அதற்கென்று கொடுத்த துணி காற்றில் பறந்துபோய் இரண்டு மாதமாகிறது. குள்ளம்மா முறத்தோடு வந்து நின்றார். "தெனம் இத களத்தோரமா விரிச்சி ஒக்கார்றீங்க, இதுலயே தொடைக்கிறீங்க. எங்கமேல பழி போடறதுக்கு முன்னாடி ஒதறி பாருங்க."

உதறினேன். ஐயையோ, ஒரு படி சாமை உமி இருக்கும்! கண்ணாடி மங்கினால் வெளிச்சம் குறையும். கருவி அதையும் காற்றுத் தூசியாகவே எண்ணிக்கொள்ளும். சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் பிடித்தேன், சாட்டிலைட்டோடு அப்படியே ஒத்துப்போனது. தீ வைத்த கதையை அறிக்கையிலிருந்து நீக்கியபோது கூசிப்போனேன். ஓடிப்போய், "நீங்கதாம்மா என் வேலையைக் காப்பாத்தினீங்க" என்றேன்.

"செரி சார், அது கெடக்கட்டும். எங்க நெலத்த யாருக்கு அளக்குறீங்க?"

சாட்டிலைட் பொய் சொல்லவில்லை என்று நான் சாட்சி சொல்லிவிட்டேன். எனக்குச் சாட்சி சொல்லத்தான் இந்த மலையில் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.