இட்லிப் பானையில் வெந்த சுறா

எனக்குக் கோபம் அதிகம். எழுபதுகளில் செங்கல்பட்டு – மாமல்லபுரம் தனியார் பேருந்தில் நான் நடத்துநர். திருக்கழுக்குன்றத்தில் ஏறும் பூக்காரம்மா ஒருவர், "கண்டக்டரே, உன் கோவத்துக்கும் ஒரு டிக்கெட்டு கிழிச்சிடு, அதுவும்தான் கூடவே வந்துகினு கீது" என்பார். பேருந்தே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் கோபம் இறங்காது.

காரணம் மூக்குதான். மீன்கூடையோடு ஒரு பெண் ஏறினால் போதும், வெள்ளைச்சட்டைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். கூடையை மேலே ஏற்றச் சொல்வார்கள், முடிந்தால் கூடைக்காரியையும். நான் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். அந்தக் கூடைதான் என்னை வளர்த்தது. மூக்கைப் பிடித்தவனிடம், "சில்லறை எடுக்கக் கை வேணுமே, எந்தக் கை காலியாக் கீது?" என்று கேட்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஊர் சுற்றப் போனவன் இல்லை நான். பேருந்து போன இடம்தான் நான் போன இடம். ஆனாலும் திபெத்துச் சாப்பாட்டைத் தேடிப் போய்த் தின்றவன். தின்றது மாமல்லபுரத்தில், குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டின் பின்கொட்டகையில். குளிர்காலம் தோறும் மைசூர்ப் பக்கத்து அகதி முகாமிலிருந்து ஒரு திபெத்தியப் பெண்ணும் அவள் கணவனும் வந்து அங்கே தங்குவார்கள். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் சுவெட்டர் விற்பார்கள். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பாசிமணி விற்பார்கள். அவர்களுடைய மூட்டைகளை என் பேருந்தில்தான் ஏற்றுவார்கள். அப்படித்தான் பழக்கம். கணவன் பேசமாட்டான். அவள் கடைத்தெருவில் கற்ற தமிழில் எல்லாவற்றையும் பேசிவிடுவாள். குப்பம் அவளைச் 'சொட்டர்காரி' என்றது.

என் ஓய்வு நாளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் கொடுத்தது உப்புப் போட்ட டீ, மேலே வெண்ணெய் மிதந்தது. டீ என்று நினைத்துக் குடித்தால் குமட்டும். கஞ்சி என்று நினைத்துக் குடித்தால் இன்னொரு குவளை கேட்கத் தோன்றும். நான் கேட்டேன். வறுத்த பார்லி மாவை அந்த டீயிலேயே விரலால் பிசைந்து உருட்டித் தருவாள், அடுப்பில்லாத களி. நூலில் கோத்த காய்ந்த பாலாடைக்கட்டி ஒன்று உண்டு. செங்கல்பட்டில் வாயில் போட்டால் மாமல்லபுரம் வந்தாலும் கரையாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியைக் கொத்தி, மைதா மாவுக்குள் மடித்து, அக்காவின் இட்லிப் பானையில் அவிப்பாள். 'மோமோ' என்பாள்.

"கொயக்கட்டைக்குள்ள கறியா? புள்ளையாருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது!" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு நான்கைந்து தின்பாள்.

ஆனால் அக்கா கொடுத்த மீனைச் சொட்டர்காரி தொட்டதில்லை. நெத்திலிக் குழம்பு கொடுத்தால், "வயிறு சரி இல்லே, அக்கா" என்பாள். மூன்று குளிர்காலமும் அதே வயிறு. அக்காவுக்கு உறுத்தல்தான், வெளியே சொல்லவில்லை.

தைப் பௌர்ணமி அன்று காலை அது வெடித்தது. கரையில் அக்கா உயிர் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். சொட்டர்காரி வந்து முழுக் கூடையையும் விலைக்குக் கேட்டாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். கடைசியில் நம் வீட்டுச் சரக்கைத் தின்னப் போகிறாள் என்று நினைத்தாள். அவளோ காசைக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே அலைக்குப் போனாள். முழங்கால் தண்ணீரில் நின்று, ஏதோ முணுமுணுத்தபடி ஒவ்வொரு நண்டாகக் கடலில் விட்டாள்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் கூவினார்கள். "யக்கா, உன் நண்டுக்கெல்லாம் ஜாமீன் கெடச்சிடுச்சு!"

"நாளிக்கு நம்ம வலைக்கேதான் வரும். மறுபடி அவகிட்டயே வித்துடு யக்கா!"

நான் போய்ச் சேர்ந்தபோது சுவெட்டர் மூட்டைகள் கொட்டகைக்கு வெளியே மணலில் கிடந்தன. திபெத்தியக் கணவன் அவற்றின்மேல் கோணி போர்த்திக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள் அக்கா. பருவம் பாதிகூட முடியவில்லை. விற்காத சரக்கோடு முகாமுக்குத் திரும்பினால் அந்த வருஷம் அவர்களுக்கு அடுப்பெரியாது. கறி தின்பவர்களுக்கு ஊருக்குள் வேறு யாரும் இடம் தரமாட்டார்கள். அக்காவுக்கும் இது தெரியும்.

"ஏன் இப்படிச் செஞ்சே?" என்று சொட்டர்காரியிடம் கேட்டேன்.

அழாமல், நிதானமாகச் சொன்னாள். பௌர்ணமியில் உயிரை விடுதலை செய்தால் புண்ணியம். அந்தப் புண்ணியத்தை அக்கா புருஷனுக்காகத்தான் வேண்டிக்கொண்டாளாம். "ஆடு ஒரு உயிர், நெறைய பேர் சாப்பிடும். சின்ன மீன், ஒரு வாய்க்குப் பத்து உயிர். ரொம்பப் பாவம் சேரும். மாமா நல்லவர். அதனாலே பிரார்த்தனை பண்றேன். தினம் பண்றேன்."

எனக்குத் தலைக்கு ஏறியது. மூக்கைப் பிடித்தவனோடு சண்டை போடலாம். எங்களுக்காகக் கண்ணை மூடி வேண்டிக்கொள்பவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவளோடு ஒரே தட்டில் பிசைந்து தின்றேனே! தின்ற நேரமெல்லாம் என் அப்பனும் பாட்டனும் செய்த தொழிலுக்கு அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாளா? நாங்கள் யாரும் கேட்கச் சொல்லவில்லையே! வேண்டுதலில் அன்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்பு இருந்ததால்தான் இன்னும் எரிகிறது.

அக்காவிடம் அப்படியே சொன்னேன். மறைக்கவில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள்.

"நண்டுக்கு உசுரு கீது. அலையில கட்டுமரம் ஏறிப் போறானே எங்காளு, அவனுக்கு இன்னா கீது, பஞ்சா? அத்தப் புடிக்கச் சொல்ல அவன் உசுரு போயி வந்திச்சே, அதுக்கு ஒரு வேண்டுதல் உண்டாடி?"

"அதுக்கும்தான் அக்கா," என்றாள் சொட்டர்காரி மெல்ல.

"நிறுத்து! எனக்கு பேஜாரு புடிச்சுப் போவுது." மூட்டை வெளியேதான் கிடந்தது.

அந்த வாரத்தில் மாமா போன கட்டுமரத்துக்குப் பெரிய சுறா ஒன்று மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அக்கா தன் பங்குத் துண்டத்தைத் தலையில் சுமந்து வந்து கொட்டகை வாசலில் பொத்தென்று போட்டாள். மூட்டைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த இருவரும் நிமிர்ந்தார்கள்.

"நல்லாப் பாரு. இது ஒரே உசுரு. பாதிக் குப்பம் துன்னுது. உன் ஆட்டவிடப் பெருசு. இப்ப இன்னா சொல்றே?"

சொட்டர்காரி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மைதா மாவை எடுத்தாள்.

அக்கா சுறாவை வேக வைத்து, தோலுரித்து உதிர்த்து, பூண்டும் பச்சைமிளகாயும் போட்டுப் புட்டு கிளறினாள். மற்றவள் அதை மாவுக்குள் வைத்து மடித்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை நடந்தது. இட்லிப் பானை மூடியைத் திறந்ததும் வந்த வாசனையை, மூக்கைப் பிடிக்கிற ஆட்களை இழுத்து வந்து நிறுத்தி முகரவைக்க வேண்டும் என்றிருந்தது எனக்கு.

"நீ மொதல்ல துன்னு," என்றாள் அக்கா.

அவள் ஒன்றைக் கையில் எடுத்துக் கண்ணை மூடினாள். உதடு அசையத் தொடங்கியது. அக்கா பட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதான் வாணாம். துன்றதுன்னா துன்னு. இல்லாங்காட்டி கெளம்பு. எங்களுக்காவ வேண்டிக்காத. நாங்க கடலாண்ட நேரா பேசிக்கிறோம்."

சொட்டர்காரி கண்ணைத் திறந்தாள். அக்காவைப் பார்த்துக்கொண்டே கடித்தாள். புட்டு உதிர்ந்து மடியில் விழுந்தது. கணவன் மேல்மாவை மட்டும் பிய்த்துத் தின்றான். உள்ளே இருந்ததை ஓரமாக ஒதுக்கினான்.

"அவன் துன்னாக்காட்டி போறான், வாயில்லாத மனுசன்," என்றாள் அக்கா. என்னிடம் திரும்பி, "இன்னாடா வேடிக்கை? மூட்டையத் தூக்கி உள்ள வை," என்று அதட்டினாள்.

நான் மூட்டைகளை உள்ளே சுமந்தேன். திரும்பி வந்தபோது சொட்டர்காரி இரண்டாவதைத் தின்றுகொண்டிருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. மெல்கிறாளா, வேண்டுகிறாளா என்று அக்கா குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.