சத்தம் போடாத மீட்டர்

படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே தயங்குவேன். எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த மீட்டரை வாங்குவது என்று தெரியாமல் யாராவது இப்போது மருந்துக் கடையில் நின்றுகொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

புனேயில், போபோடியில், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். தாகமும் அசதியும் வெயிலால் வருகின்றன என்று நினைத்திருந்தேன். உடம்பு இளைத்து, என் ரவிக்கையையே இரண்டாம் முறை பிடித்துத் தைக்க வேண்டி வந்தபோதுதான் பயம் வந்தது.

மருத்துவர் ரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை நோய் என்று முதலில் மாத்திரை கொடுத்தார். உடம்பு மேலும் இளைத்தது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தவர், முதல் வகை நீரிழிவு (உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் நோய்) என்றார்.

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதில்லையா டாக்டர்?"

"எந்த வயசுலயும் வரும். ஊசி போட்டா நல்லா இருக்கலாம். ஆனா அளந்து பாக்காம போடக் கூடாது." அவர் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

மருந்துக் கடைக்காரர் இரண்டு குளுக்கோமீட்டர்களை (ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் கருவி) எடுத்து வைத்தார். ஒன்று சோப்பு டப்பா அளவு, பெரிய எண்கள், அளந்து முடித்ததும் பீப் என்று கத்தும். இன்னொன்று தீப்பெட்டி போல இருந்தது. சத்தமே இல்லை. இரண்டுக்கும் உரிய ஸ்ட்ரிப் (ரத்தத்தை வைக்கும் சின்னப் பட்டை) அந்தக் கடையிலேயே கிடைத்தது. நீங்களும் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

"பெருசை வாங்கு. தூரத்துல இருந்தே தெரியுது," என்றார் என் கணவர்.

"தூரத்துல இருக்கவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

"ஊசில நூல் கோக்கவே உனக்குக் கண்ணாடி வேணும்."

"போட்டுக்கிட்டுப் பாக்கேன்."

சின்னதையே வாங்கினேன். கைக்குட்டைக்குள் அடங்கியது. விரல் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தப் பழகினேன். வலி குறைவு, துணியிலும் கறை படாது. நோயைப் பற்றி வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தமிழ்ச் சபையில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கும். மதியம் வரை சாப்பிட மாட்டோம். அந்த வெள்ளியும் காலை ஊசியை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு போனேன். உபவாசம் சாப்பாட்டுக்குத்தானே, மருந்துக்கு இல்லையே என்று நினைத்தேன். அது சாப்பாட்டுக்கென்று போடும் ஊசி, சாப்பிடாதபோது போடக் கூடாது என்பது எனக்கு விளங்கியிருக்கவில்லை. உபவாசம் பற்றி மருத்துவரிடம் கேட்கவும் கூச்சம்.

எல்லோரும் கண்மூடி முழங்காலில் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது, வியர்த்தது. எழுந்தால் பார்ப்பார்களே என்று முந்தானைக்குள்ளேயே விரலைக் குத்தினேன். மீட்டர் சத்தமில்லாமல் அளந்தது. எண்தான் தெரியவில்லை. கண்ணாடி வீட்டில் தையல் மிஷின் மேல் இருந்தது.

பக்கத்தில் ராணி அக்கா. எங்கள் தெருக்காரர். என்னைவிட மூத்தவர்.

"அக்கா, இது எவ்ளோன்னு பாருங்க."

"ஜெபத்துல போனா பாக்கே?"

"போன் இல்லக்கா. சுகர் மிஷின்."

அக்கா அதை மூக்கருகே கொண்டுபோனார், பிறகு கையை நீட்டிப் பார்த்தார். "எண்பத்து மூணு மாதிரி இருக்கு. நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான்க்கா."

"நல்லதுன்னா ஏன்டி இப்படி வேர்க்குது?" அதற்குள் சுவர் சாய்வது போலிருந்தது. அக்கா எழுந்து நின்று கத்தினார்: "பாஸ்டர், ஜெபத்தை நிறுத்துங்க! இவளுக்கு சுகர்! இனிப்பா ஏதாவது கொண்டாங்க!"

எல்லோரும் கண் திறந்தார்கள். உபவாசம் முடிக்க வைத்திருந்த சர்பத்தை என் வாயில் வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஐம்பத்து மூணு," என்றார். தாழ்சர்க்கரை (மயக்கம் வரை கொண்டுபோகும் நிலை). கொஞ்ச நேரத்தில் மறுபடி அளந்தபோது எண் ஏறியிருந்தது.

"மறைக்கிறதுக்கு ஒரு மிஷினு. அதைப் படிக்க என்னை மாதிரி ஒரு குருடி," என்றார் ராணி அக்கா, என் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

பாஸ்டர், என் பெயரையும் நோயின் பெயரையும் சொல்லி, மைக்கில் ஜெபித்தார். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

மாலையில் கணவரும் நானும் மருத்துவரிடம் போனோம். அவர் திட்டவில்லை. "உபவாசம்னா முன்னாடியே சொல்லுங்க. எந்த ஊசியைப் போடணும், எதை விடணும்னு சேர்ந்து முடிவு பண்ணலாம்," என்றார். திரும்பும் வழியில் பெரிய மீட்டரை வாங்கினேன். கணவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் உடம்பில் நடப்பது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தேன். நான் படிக்க முடியாத நேரமும் வரும். அப்போது பக்கத்தில் இருப்பவர் படிக்க வேண்டும். முன்பெல்லாம் தைத்துக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளை வைத்துத்தான் என் நாள் நகரும். இப்போது ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாட்டுக்கு நகர்கிறது. அதுவும் பழகிவிடும் என்று தோன்றுகிறது.

மறுநாள் காலை புது மீட்டர் பீப் என்று கத்தியது, நூற்றுப் பதினெட்டு. தைத்த ரவிக்கையை வாங்க வந்திருந்த பெண், அது என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன்.