காதிலிருந்து எடுக்காத ஸ்டெதஸ்கோப்

தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் கிளினிக் வைத்திருந்த அந்த நரைத்த தலை டாக்டர், நோயாளி இல்லாதபோதும் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கமாட்டார். மேசையில் கைப்பேசி ஸ்பீக்கரில் கிடக்கும். எங்கள் வைத்தியச் செலவைக் கவனிக்கும் இன்சூரன்ஸ்காரர்களை அழைத்தால், அவர்கள் அனுமதி தரும்வரை அதில் ஒரே பாட்டு ஓடும். எவன் தேர்ந்தெடுத்தானோ!

அன்று மூச்சிளைப்போடு போயிருந்தேன்.

"காது வலிக்கலையா டாக்டர்?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"எடுத்தா அந்தப் பாட்டு கேக்கும், தம்பி. பைத்தியம் பிடிச்சிரும் லா."

பாட்டு நின்றது. நர்ஸ் அவர் தோளைத் தட்டினார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்.

"டாக்டர், பேஷண்டுக்கு நெபுலைசர் கண்டிப்பா வேணுமா?" என்றது கைப்பேசியில் ஒரு பெண்குரல்.

அவர் முகம் சிவந்தது. கைப்பேசியை எடுத்து என் நெஞ்சில் அழுத்தினார்.

"நான் சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா."

சற்று நேரம் என் இளைப்பு மட்டும் கேட்டது.

"சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு வரேன், டாக்டர்."

மறுபடியும் பாட்டு. அவர் காத்திருக்கவில்லை, நெபுலைசரை என் முகத்தில் மாட்டினார், ஸ்டெதஸ்கோப்பைத் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

மூச்சு சீரானபோதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நன்றி, டாக்டர்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை.