மாதுளைத் தேவியின் எண்ணெய்

கல்யாணம் முடித்து வெள்ளவத்தையிலிருந்து துறைமுகப் பக்கத்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்த முதல் வருஷம், மாமி என்னோடு நேராக ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. நான் முன்னால் நின்றாலும் மகனைப் பார்த்துத்தான் சொல்லுவார்: "அவவச் சாப்பிடச் சொல்லு." என் கணவர் அதே தமிழை எனக்கு மொழிபெயர்ப்பார். மாதாவைக் கும்பிடும் வேதக்கார வீட்டுக்குள் சைவப் பிள்ளை வந்த கோபம், போகட்டும் என்று வெளியில் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதி ஒருத்தி, சுண்டுவிரல் அளவு போத்தலில் வாசனை எண்ணெய் தந்தாள். கிரேக்கப் புராணத்துத் தேவி ஒருத்தியின் பெயரில் செய்தது. பெயர் என் வாயில் நுழையவில்லை, கதை மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. பாதாள ராசா தூக்கிக்கொண்டு போன பெண். அங்கே சில மாதுளை முத்துகளைத் தின்றதால் பாதி வருஷம் புருஷன் வீட்டில், மீதி வருஷம் தாயோடு. கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். போத்தலில் ஒட்டியிருந்த படத்தில் நீல முக்காடு போட்டு, கையில் மாதுளம்பழத்தோடு, கண்ணைத் தாழ்த்தி நின்றாள்.

ஒரு மத்தியானம், கணவர் வேலைக்குப் போன நேரம், மணிக்கட்டில் ஒரு துளி தடவினேன். முதலில் மாதுளைத் தோலின் துவர்ப்பு வந்தது. ஃபேன் காற்றில் அது மெல்ல இளகி, மழை நனைத்த மண்ணாகியது. பிறகு எங்கோ சாம்பிராணி போட்டு அணைத்த மாதிரி ஒரு மணம். கண்ணை மூடினேன். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. அதுகூட மண்ணுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. வெளியில் வெயிலும் மீன்காரனின் சத்தமும் இருக்க, நான் மட்டும் கீழே, குளிர்ந்த இருட்டில், வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். அங்கே யாருக்கும் யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

"என்ன இது, மாதாவின்ட எண்ணெயே?"

கண்ணைத் திறந்தால் மாமி போத்தலோடு நிற்கிறார். நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லாததால் கேள்வி நேரே என்னிடம் வந்துவிட்டது. ஒரு வருஷம் காத்திருந்த வார்த்தையை முறிக்க மனமில்லாமல் தலையாட்டினேன். மாமி ஒரு துளி எடுத்து என் நெற்றியில் சிலுவை வரைந்தார். விரலில் மிஞ்சியதைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பின்னேரச் செபமாலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பூசிவிடுவார். பாதாள ராணி வீடெல்லாம் மணந்தாள். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். உண்மையைச் சொன்னால் அந்த விரல் பிறகு வராது என்ற பயம்.

போத்தல் முடிந்த அன்று சொல்லிவிட்டேன். "மாமி, அது மாதா இல்ல. கிரேக்க ஆக்களின்ட ஒரு தேவி. சும்மா சென்ட் எண்ணெய்."

மாமி செபமாலையைப் பெட்டிக்குள் வைத்தார். "முதல் நாளே தெரியும் பிள்ளை. மாதாவின்ட கையில மாதுளம்பழம் ஏன்? மாதா கோயில் எண்ணெயில விளக்குத் திரி மணம்தான் வரும்."

"முழங்காலிலயும் பூசினீங்களே!"

"அதுக்கும் நல்லமாத்தான் இருந்தது."

"அப்ப எனக்கு ஏன் பூசினீங்கள்?"

"ஒரு வருஷம் கதைக்காம இருந்திட்டு, திடீரெண்டு எப்பிடிக் கதைக்கிறது? எனக்கும் ஒரு சாட்டு வேணுமே."

போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. வெறும் விரலாலேயே என் நெற்றியில் வரைந்துவிட்டு, "வா, சாப்பிடுவம்" என்றார்.